சீட்டுக் கம்பியில் ஒரு மெரூன் கோடு

மாதுங்கா,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள சாருவுக்கு அம்மாவின் ஆசிகள்.

நாளைக் காலை விக்ரோலிக்காரர் வந்து பெல்லை அடிக்கும்போது, யார் வந்திருக்கிறார், எதற்கு வந்திருக்கிறார் என்று அப்பாவிடம் நான் என்ன சொல்வது? புதன்கிழமை நீ என் ஆபீஸுக்குப் போன் செய்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை. மற்றபடி நாங்கள் இருவரும் சௌக்கியம், என் முழங்காலும் அவருடைய சர்க்கரையும் சொன்னபடி கேட்கின்றன. வசந்தகாலம் என்று சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அந்த ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். வாட்ஸப்பில் எழுதினால் நீ பஸ்ஸில் நின்றபடி ஒரு கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். கையால், தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். இது அப்படி மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம். திங்களன்று உனக்குப் போகிற பார்சலில் காட்டன் குர்தாக்களுக்கு நடுவில் இதை வைப்பேன். புதனன்று நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆஸ்திரேலியாவில் அந்த ஹோபார்ட்டிலேயே இருந்துவிடப் போகிறாய். ஜனவரியில் வந்து இங்கே டிரையத்லான் போட்டியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடப்போவதாகச் சொன்னது இனி இல்லை. நீ விட்டுப்போன சைக்கிளை விக்ரோலியில் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டாய், ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்வார். அப்பா வாரா வாரம் அந்த சைக்கிளைப் போட்டோ எடுத்து அனுப்பறார், அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை, நீயே சொல்லிடும்மா என்றாய். இவ்வளவுதானே. எனக்கு வருத்தமா என்று கேட்டாய். நீ விமானம் ஏறின அன்றே, இவள் திரும்பி வருவாள் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை, அதனால் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை. அப்பா அப்படி இல்லை. அவர் ஒரு மாதத்துக்கு மேலாக அந்த சைக்கிளோடு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய், வீட்டில் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவர் இப்போது வீட்டில் இல்லை, ஒரு திருகாணி வாங்கப் போயிருக்கிறார்.

எங்கே தொடங்கியது என்று பார்த்தால், நீ கிரைண்டர் வாங்கின வாரம். மெல்போர்னிலிருந்து வரவழைத்தேன் என்று வீடியோவில் காட்டினாய், கல் இரண்டும் சுற்ற உளுந்து பொங்கி மேலே வர, எனக்கு ஒரே சந்தோஷம், வெந்தயம் போட்டாயா, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடு, அந்தக் குளிரில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வை என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்பா பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது, அலுத்துப்போய் எழுந்தார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், நீ போனதிலிருந்து பால்கனிச் சுவரில் கொக்கியில் தொங்கிய உன் சைக்கிளைக் கீழே இறக்கி, பழைய வேஷ்டியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்ன இது என்றேன். ஜனவரி கிட்ட வந்துடுத்தே என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, துணி உலர்த்த அந்த இடம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

நீ இங்கே இருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்வாயே, கையில் கொஞ்சம் வசதி வந்ததும் இதையெல்லாம் மாற்றணும் என்று. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில், ஹேண்டில்பாருக்குப் பின்னால் சாப்பாட்டுப் பெட்டி, சீட்டுக்குப் பின்னால் மாற்று டியூபும் கருவியும் வைக்க ஒரு பை, முழங்கை ஊன்றுகிற பட்டைகளைக் கொஞ்சம் உயர்த்தி, கை பிடிக்கிற குழாய்களை முன்னால் நீட்டி. நான் ரசத்தைப் பரிமாறிக்கொண்டே தலையை ஆட்டியிருப்பேன், ஒரு வார்த்தை காதில் வாங்கினதாக ஞாபகம் இல்லை. அவர் வாங்கியிருக்கிறார், ஒன்று விடாமல். முன்பக்கம் முழுவதற்கும் சேர்த்துக் காக்பிட் என்று பெயர் என்று எனக்கு விளக்கினார். விமானம் ஓட்டப் போகிறோமா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான், காத்துல படுத்துண்டுன்னா போகணும் என்றார், ஏதோ தானே பத்து வருஷம் அப்படிப் போனவர் மாதிரி. அவர் சைக்கிளில் போனதெல்லாம் வடாலா குவார்ட்டர்ஸிலிருந்து பால் பூத் வரைக்கும்தான் என்பது உனக்கும் தெரியும்.

முதலில் பாட்டில். முழங்கைப் பட்டைகளுக்கு நடுவில் உட்காரும் அந்த நீள பாட்டிலும், அதிலிருந்து ஓட்டுபவர் வாய்க்கு நேராக எழும்பி நிற்கும் ஸ்ட்ராவும் வந்து சேர்ந்ததும், வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். தலையை நிமிர்த்தாமல், கையை எடுக்காமல் குடிக்கலாம் என்பதுதான் அதன் மகிமையாம். அதில் அவர் ஊற்றினது என்ன தெரியுமா, நீர்மோர். உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம். உன் போட்டி ஒவ்வொன்றிலும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டீல் கூஜாவோடு நிற்பாரே, எல்லோரும் கலர் கலராகப் பாட்டிலில் குடிக்கும்போது நீ மட்டும் டம்ளரில் மோர் குடிப்பாய், ஒரு பஞ்சாபிப் பையன்கூட அங்கிள் ஏக் அவுர் என்று மறுபடி மறுபடி வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே புல்லில் படுத்துவிட்டான். அந்த நம்பிக்கையில் ஊற்றினார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து இத்தனை வருஷம் லேபில் வேலை பார்க்கிற எனக்கு, அக்டோபர் வெயிலில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் மோர் என்ன ஆகும் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நம் வீட்டில் தாகம் என்றால் மோர், அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. கொஞ்ச நேரம் மிதித்தார், மோர் திரிந்து திப்பிதிப்பியாக மேலே வந்தது, ஒரு கறிவேப்பிலை ஸ்ட்ராவுக்குள் போய் அடைத்துக்கொண்டது. உறிஞ்சினார், வரவில்லை. ஊதினார். ஊதின வேகத்தில் மூடி பிய்த்துக்கொண்டு, உள்ளே இருந்ததெல்லாம் பால்கனி கம்பி வழியாகக் கீழ்வீட்டு வாலாம்பாள் மாமி கொடியில் போட்டிருந்த புடவை மேல் விழுந்தது. மாமி நிமிர்ந்து பார்த்து, ஏண்டா பஞ்சு, பொண்ணை வளர்த்து அனுப்பியாச்சு, இப்போ சைக்கிளுக்குப் பால் பாட்டிலா என்று கேட்டார். பால் இல்லை மாமி, மோர் என்று இவர் மரியாதையாகத் திருத்தினார். புடவைக் கறை துவைத்ததில் போய்விட்டது. பாட்டிலை நான் சமையல் சோடா, எலுமிச்சம்பழம், வெந்நீர் என்று எல்லாம் போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டேன், பெருங்காயம் போகவே இல்லை. நாளைக்கு வருகிறவர் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பாரோ.

அடுத்து சாப்பாட்டுப் பெட்டி. போட்டிக்கு நீ எடுத்துப்போகிற அந்தப் பிசுபிசுப்பு ஜெல் பொட்டலங்களை அவருக்கு எப்போதுமே பிடிக்காது, பல் இல்லாதவாளுக்குக் குடுக்கறது என்பார். அதனால் கடலை மிட்டாய் கொள்ளுமா, நேந்திரங்காய் வறுவல் நொறுங்காமல் இருக்குமா, பேரீச்சம்பழம் எத்தனை என்று வைத்து வைத்து மூடிப் பார்த்தார். ஒரு ராத்திரி கடலை மிட்டாயை எடுக்க மறந்துவிட்டார், காலையில் பிரேக் ஒயரைப் பிடித்துக்கொண்டு எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்து இரண்டு சக்கரத்தையும் சுற்றி வட்டம் போட்டுவிட்டார், இன்றைக்கும் அது கோலம் மாதிரி அப்படியே இருக்கிறது, நான் தாண்டித் தாண்டித்தான் துணி உலர்த்துகிறேன். அவர் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வடாலா ஞாபகம் வந்தது. உன் முதல் சைக்கிளில் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்ததே, சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தால் அதில் பாதி கடித்த கொய்யா, யாருடையதோ ஒரு செருப்பு, கூழாங்கற்கள், ஒருநாள் ஒரு பூனைக்குட்டி. கழுத்தில் பட்டை போட்டுத் தொங்கவிட்ட தண்ணீர் பாட்டில் ஹேண்டில்பாரில் மோதி டொக் டொக் என்று சத்தம் கேட்கும், அதை வைத்து நீ குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் இருக்கிறாய் என்று நான் சமையலறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். நீ பெரியவளாகி இப்படி ஒரு சைக்கிளை வாங்கி, தண்ணீர் எங்கே, சாப்பாடு எங்கே என்று பெரிய விஷயம் போலப் பேசியபோது, இதைத்தானே ஆறு வயசிலும் செய்தாய் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. எனக்கு உன்னைவிடச் சின்ன வயதிலிருந்தே சைக்கிள் ஆசை. என் அப்பா கண்ணில் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் கிடையாது, பஸ் பாஸ் வாங்கித் தருவார். காலேஜில் சேர்ந்த பிறகு நானும் மாஹிமிலிருந்து வரும் சபுராவும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் ஒரு சைக்கிளை எடுத்து, இவள் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று என்று ஓட்டுவோம். சபுரா பின்னால் ஓடிவந்துகொண்டே, ஷ்யாமளா உங்க அப்பா வராரு என்று கத்துவாள், நான் பயந்து புல் மேல் ஏற்றிவிடுவேன், ஒரு தடவைகூட அப்பா வந்ததில்லை. சல்வாரின் ஓரத்தில் செயின் கிரீஸ் பட்டால், அதை லேபில் பட்ட கறை என்று வீட்டில் சொல்லிவிடலாம், கெமிஸ்ட்ரி படித்ததில் அந்த ஒரு சௌகரியம். இப்போது அந்தக் கடை இல்லை, அங்கே மொபைலுக்குக் கவர் விற்கிறார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, நான் ஏங்குகிற ரகம் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த சைக்கிள் வீட்டுக்குள் நிற்பதால் எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது.

வடாலாவில் உனக்கு சைக்கிள் பழக்கினது ஞாபகம் இருக்கிறதா. எல்லாக் குழந்தைகளின் அப்பாவும் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி, குழந்தைக்குத் தெரியாமல் நடுவில் விட்டுவிடுவார்கள், அது தானாகப் போய்விடும். உன் அப்பா விடவே இல்லை. நீ நன்றாக ஓட்டுகிறாய், எல்லோருக்கும் தெரிகிறது, வாட்ச்மேன் சிரிக்கிறான், நீ அப்பா விடு, அப்பா விடேன் என்று கத்துகிறாய், இவர் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றுச்சுவர் முழுக்க உன் பின்னாலேயே ஓடுகிறார். கடைசியில் நீ பிரேக்கைப் போட்டு நிறுத்தி, இறங்கி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாய். மறுநாள் அவர் ஆபீஸ் போன பிறகு, யாரும் பிடிக்காமல் நீயே ஓட்டினாய். ராத்திரி அவரிடம் சொன்னபோது ரொம்ப சந்தோஷப்பட்டார்.

இனி நேற்று நடந்ததுக்கு வருகிறேன். முழங்கைப் பட்டைகளை உயர்த்துவதை வீட்டில் செய்ய முடியாது என்று, சாயங்காலம் இருவருமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாஹிமுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜெயினுலாப்தீன் கடைக்குப் போனோம். தென்காசிக்காரர், பம்பாயில் தன் கை படாத சைக்கிளே கிடையாது என்பார், இந்த மாதிரி ஒன்றை அவர் தொட்டதே இல்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இடது பட்டையை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டி வைத்து, இப்ப எல்லாரும் இப்படித்தான் வைக்காங்க சார், பாத்துக்கிடுங்க என்றார். அப்பா சந்தேகத்தோடு ஒத்துக்கொண்டார். ஏறிக் காட்டுங்க, சரியா இருக்கான்னு பாப்போம் என்றார் கடைக்காரர். அப்பா ஏறினார். உன் உயரம் என் அப்பா வழி, இவருடையது உனக்கே தெரியும். வீட்டில் ஸ்டாண்டில் ஓட்டும்போதும் சீட்டை உன் உயரத்திலேயே விட்டுத்தான் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து மிதித்தார், கடையிலும் கால் எட்டாமல் பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் மேல் சாய்ந்துவிட்டார். என்ன சார் இது, ஒட்டகத்துக்கு வச்ச சீட்டு மாதிரில்லா இருக்கு, நாலு விரக்கடை எறக்கிருதேன் என்று ஜெயினுலாப்தீன் திருகுச் சாவியை எடுத்தார். அப்பா சட்டென்று கையை வைத்து மறைத்தார். எந்த இடத்தை என்று நீ ஊகித்திருப்பாய். சீட்டின் கம்பி சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் உன் அளவு மாறக்கூடாது என்று நீ ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாயே, சித்தி கல்யாணத்துக்கு வாங்கி நான் ஒரே விரலில் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்ட மெரூன் நெயில் பாலிஷில். அதைத் தொடாதீங்கோ, ஓட்டறவ வேற என்றார். அப்பம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார், சட்டை போடுத ஆளே இல்லாம தச்சுக் குடுன்னா நான் என்னத்த அளவெடுக்க என்று அவர் சிரித்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பஸ் போனது.

திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் சைக்கிளை நடைபாதை மேல் ஏற்றி இறக்கிக்கொண்டு, ஆட்டோ வந்தால் நிறுத்தி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறவர் மாதிரித் தாண்டிக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. உனக்கு வரவில்லை என்றபோது புதனன்று உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, இப்போது இல்லை. ஒரு மாதம் முழுக்க ஒருவர் ஒருத்திக்காகப் பூட்டிப் பூட்டி வைத்த ஒன்றை, அது அவளுக்கு வேண்டாமாம் என்று எந்த வாக்கியத்தில் சொல்வது. நாளைக் காலை காபி கொடுக்கும்போது சொல்லிவிடப் போகிறேன், பெல் அடிப்பதற்கு முன்னால், அந்நியர் ஒருவர் வாயிலிருந்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உன் விஷயம். அங்கே மலைப்பாதையில் தனியாகப் போகாதே, போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. வெயில் சுடவில்லை என்று முகத்துக்குத் தடவாமல் போகாதே, அந்த ஊர் வெயில் மோசம் என்கிறார்கள். வாலாம்பாள் மாமி உன்னை விசாரித்தார், புடவையையும் மறக்கவில்லை. உன் வேலையும் உன் வீடும் உனக்கு நல்லபடியாக அமையட்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இரு, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கிரைண்டர் கல்லைக் கழுவினதும் ஈரத்தோடு மூடி வைக்காதே.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா,
ஷ்யாமளா.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

கவரை ஒட்டவில்லை, அதனால் இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அப்பா சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்து சீட்டுக் கம்பியின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஒருத்தர் சைக்கிளைப் பார்க்க வரார் என்றேன், இத்தனை நாள் யோசித்ததில் வாயில் வந்தது அவ்வளவுதான். அவர் நிமிராமல், அவ வரப்போறதில்லைதானே என்றார். உங்களுக்கு யார் சொன்னா என்று கேட்டேன். யார் சொல்லணும், ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வரவ மிக்ஸியிலயே அரைச்சுப்பா, கல் கிரைண்டர் வாங்கினவ எங்கடி வரப்போறா என்றார். அப்படியானால் அதற்கு மறுநாளிலிருந்து இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவ கேட்டாளே, அப்போ பண்ணிக் குடுக்கலை என்றார். பிறகு, முந்தாநாள் கடையில பஸ்ஸையே பார்த்துண்டு நின்னயே, அப்பவே உனக்கும் தெரியும்னு தெரிஞ்சுது, ஆனா இதை அவ என்கிட்டயே சொல்லட்டும், நான் ஒண்ணும் அழமாட்டேன் என்றார். காபியை வாங்கிக் குடித்தார். அதனால் நீ கூப்பிட்டுச் சொல்லிவிடு சாரு, கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரி நானே உனக்கு ஒரு வரி அனுப்புகிறேன், அவரிடம் பேசு என்று மட்டும்.

பிறகு சீட்டை இறக்கினார். நாலு விரற்கடைக்கும் அதிகமாகவே இறக்க வேண்டியிருந்தது. உன் கோடு கம்பியோடு சேர்ந்து சட்டத்துக்குள் போய்விட்டது. கோடு போயிடுத்தே என்றேன். எங்க போகும், உள்ளதான் இருக்கு, வந்தா ஏத்திக்கலாம் என்று திருகை முடுக்கினார்.

பெல் அடித்தது, கதவை அவரே திறந்தார். வந்தவர் பெயர் மாரிசெல்வம், மரியாதையான பிள்ளை, விக்ரோலியிலிருந்து ரயிலில் வந்திருந்தார். தம்பி மன்னிச்சுக்கோ, சைக்கிள் இப்போதான் கை மாறித்து என்றார் அப்பா. யாருக்கு அங்கிள் என்றார் அவர். எனக்கு என்றார். அந்தப் பிள்ளை அப்பாவையும் சைக்கிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், கோபித்துக்கொள்ளவில்லை, கோயி பாத் நஹி அங்கிள், ஆனா இந்தப் பட்டை ரெண்டும் உல்டாவா மாட்டியிருக்கு என்று சொல்லி அவரே கழற்றிச் சரியாக மாட்டினார். பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ரசமா ஊத்துனீங்க என்று கேட்டார். பாட்டில் செருகுகிற உன் பழைய கம்பிக் கூடுகளையும் மதியச் சாப்பாட்டுக்கு என்று கொஞ்சம் புளியோதரையும் கொடுத்தனுப்பினோம். நீயும் அவருக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு.

அவர் போனதும் நாங்கள் சைக்கிளை ஃபைவ் கார்டன்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பட்டையில் முழங்கையை ஊன்றிப் படுப்பதெல்லாம் வேண்டாம், வெளிப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்து ஓட்டுங்கள் என்று சொன்னேன், சரி என்றார். இந்த சைக்கிள் லேசு, தொட்டால் தலையைத் திருப்புகிறது, ஏறும்போது இரண்டு தரம் ஆடினார், அதனால் நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். என் முழங்காலோடு பத்துப் பதினைந்து எட்டு ஓடியிருப்பேன். விடு ஷ்யாமளா என்றார். விட்டேன்.

ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் கால் ஊன்றி நிறுத்தினார். கால் எட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டே தலையைக் குனிந்து ஸ்ட்ராவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இன்னும் பெருங்காயம்தான் அடிக்கிறது என்றார்.